சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கி.மீ.யா, 16,700 கி.மீ.யா? போக ஒரு நேரம், திரும்ப ஒரு நேரம் ஏன்?

தென்னங்கீற்று (கேள்வி):

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே விமான நிலையத்துக்கு எங்கும் நிற்காமல் போகும் விமானத்தைப் பற்றி மூன்று விஷயம் தெளிவாக வேண்டும். சென்னையிலிருந்து கிளம்பும் ஒரு பயணத்திட்டத்துக்காகக் கேட்கிறேன்.

முதலில் தூரம். தூரம் பார்க்கும் இணையதளத்தில் போட்டால் 15,349 கி.மீ. வருகிறது. 2018-ல் பக்கத்து நியூவார்க் விமான நிலையத்துக்கு இந்தச் சேவை தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்னது ஏறக்குறைய 16,700 கி.மீ. ஜேஎஃப்கேவுக்கும் நியூவார்க்குக்கும் நடுவே நேர்க்கோட்டில் 33 கி.மீ.தான் இருக்கிறது, 1,350 கி.மீ. எங்கிருந்து வந்தது? ஓரிடத்தில் 8,288 மைல், இன்னோரிடத்தில் 9,537 மைல். சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று எக்செல்லில் கோசைன் சூத்திரம் போட்டால் 5,321 கி.மீ. என்கிறது.

அடுத்தது நேரம். போக 18 மணி 5 நிமிடம், திரும்ப 18 மணி 40 நிமிடம் என்று அட்டவணையில் பார்த்தேன். ஒரே தூரம்தானே?

கடைசியாக, அதிகாலை 2:25-க்குக் கிளம்பி அதே நாள் காலை 7:30-க்கு இறங்குவதாகவும், திரும்பும்போது இரண்டு நாள் கழித்து வருவதாகவும் போட்டிருக்கிறது. இதை எப்படிக் கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது?

அளவுகோல்:

உங்கள் 5,321-ல் இருந்தே தொடங்குகிறேன், அந்த எண்ணே தப்பு எங்கே என்று காட்டிக்கொடுக்கிறது. நியூயார்க்கின் தீர்க்கரேகை மேற்கு 73.7789 பாகை. மேற்கு என்றால் கழித்தல் குறி போட வேண்டும். அதை விட்டுவிட்டு வெறும் 73.7789 என்று உள்ளிட்டிருக்கிறீர்கள். அப்போது இரண்டு ஊர்களுக்கும் தீர்க்கரேகை வித்தியாசம் 30.21 பாகைதான் என்று எக்செல் எடுத்துக்கொள்ளும், விடை சரியாக 5,321 கி.மீ. வரும். கழித்தல் குறி போட்டால் வித்தியாசம் 177.77 பாகை.

கணக்கு இப்படி. சாங்கி: வடக்கு 1.3592, கிழக்கு 103.9894. ஜேஎஃப்கே: வடக்கு 40.6398, மேற்கு 73.7789. இரண்டு அட்சரேகைகளின் சைனையும் பெருக்கினால் 0.01545. இரண்டு அட்சரேகைகளின் கோசைனையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்கினால் −0.75803. கூட்டினால் −0.74258. இதன் தலைகீழ் கோசைன் 137.95 பாகை. ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. வீதம் (பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டு) 15,340 கி.மீ. எக்செல்லில் கோணங்களை ரேடியனுக்கு மாற்றாமல் சைன் போட்டால் அர்த்தமே இல்லாத எண் வரும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழக்கமான தப்பு, 40 பாகை 38 நிமிடத்தை 40.38 என்று எழுதுவது. 38 நிமிடம் என்பது 0.63 பாகை. இந்த ஒன்றிலேயே 29 கி.மீ. போய்விடும்.

15,340-க்கும் 15,349-க்கும் உள்ள 9 கி.மீ. தப்பில்லை. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையானது. துருவப் பக்கம் ஓர் அட்சரேகைப் பாகையின் நீளம் 111.7 கி.மீ., நிலநடுக்கோட்டருகே 110.6 கி.மீ. இந்தப் பாதையில் பெரும்பகுதி உயர் அட்சரேகையில் கிடப்பதால் நிஜ வடிவத்தை வைத்துப் போடும் கணக்கில் தூரம் கொஞ்சம் கூடுகிறது.

மைல் குழப்பம் எளிது. 9,537 என்பது தரை மைல் (1.609 கி.மீ.), 8,288 என்பது கடல் மைல் (1.852 கி.மீ.). இரண்டும் அதே 15,349 கி.மீ.தான். விமானி பேசுவது கடல் மைலில், அமெரிக்கப் பத்திரிகை எழுதுவது தரை மைலில். அலகு போடாத பட்டியலை நம்பாதீர்கள்.

இந்த இரண்டு ஊருக்கு மட்டும் கால்குலேட்டர் இல்லாமலே விடை எடுக்கலாம். தீர்க்கரேகை வித்தியாசம் 180-க்கு மிக அருகில், அதாவது உலகின் முதுகும் வயிறும் போல இருக்கின்றன. ஆக மிகக் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும். சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.64 பாகை, துருவத்திலிருந்து நியூயார்க் 49.36 பாகை. மொத்தம் 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல் வீதம் 8,280. முடிந்தது.

வீட்டில் 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை இருந்தால் ஒரு நூலை எடுத்துச் சிங்கப்பூரில் ஒரு முனையைப் பிடித்து, நியூயார்க்கில் மறுமுனையை இறுக்கிப் பாருங்கள். நூல் பசிபிக் பக்கம் நிற்காது, வழுக்கிக்கொண்டு மேலே ஏறித் துருவத்தின் பக்கத்தில் போய் உட்காரும். 36 செ.மீ. நூல் தேவைப்படும். சுவரில் மாட்டும் தட்டை வரைபடத்தில் இது தெரியவே தெரியாது, அதனால்தான் துருவ வழி என்றதும் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

முகில்:

அருமையான விளக்கம். 1,350 கி.மீ. கூடுவதற்குக் காரணம் பாதுகாப்பு. துருவத்தின் மேல் ஏதாவது ஆனால் இறங்க இடம் கிடையாது, இரண்டு எஞ்சின் விமானம் வேறு. அதனால் சுற்றிப் போகிறார்கள்.

பின்காற்று:

முகில், முக்கியக் காரணம் அதுவல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பதில்தான் எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது. 1998-லிருந்தே நியூயார்க் – ஹாங்காங் விமானங்கள் துருவம் வழியாகப் பறந்திருக்கின்றன. இந்தப் பாதையில் ஓடும் ஏர்பஸ் ஏ350-900 விமானத்துக்கு, ஒரு எஞ்சின் நின்ற நிலையில் 370 நிமிடம் வரை பறந்து மாற்று விமான நிலையத்தை எட்டலாம் என்ற அளவுக்கு ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு 2014-லேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. துருவத்தில் பறப்பதற்குத் தனி ஏற்பாடுகள் வேண்டும், அது உண்மை. ஆனால் சிங்கப்பூரிலிருந்து போகும்போது பசிபிக் பக்கம் திருப்புவது காற்று.

விமானத்துக்குத் தரைத் தூரம் முக்கியமில்லை, காற்றுக்குள் பறக்கும் தூரம்தான் முக்கியம். எண்களோடு பாருங்கள். 35,000 அடிக்கு மேல் மாக் 0.85 (ஒலி வேகத்தில் 85 சதவீதம்) என்பது காற்றுக்குள் மணிக்குச் சுமார் 905 கி.மீ. காற்றே இல்லை என்று வைத்தால் 15,349 கி.மீ. துருவ வழி 16 மணி 58 நிமிடம். இனி 16,700 கி.மீ. பசிபிக் வழியை அதே நேரத்தில் முடிக்க வேண்டுமானால் தரை வேகம் மணிக்கு 985 கி.மீ. வேண்டும். அதாவது வழி நெடுக சராசரி 80 கி.மீ. (43 நாட், அதாவது மணிக்கு 43 கடல் மைல்) பின்காற்று. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் லாபம். குளிர்காலத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே ஓடும் ஜெட் காற்றின் நடுப்பகுதி 150 நாட்டைத் தாண்டுவது வழக்கம். சராசரி 110 கி.மீ. பின்காற்று கிடைத்தால் அதே 16,700 கி.மீ.யை 16 மணி 27 நிமிடத்தில் முடித்துவிடலாம், துருவ வழியைவிட அரை மணி நேரம் மிச்சம்.

அதே பாதையில் திரும்பி வந்தால்? 110 கி.மீ. எதிர்காற்று. தரை வேகம் 795. 16,700-ஐ 795-ஆல் வகுத்தால் 21 மணி நேரம். அவ்வளவு எரிபொருளை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. அதனால் திரும்பும் விமானம் வேறு வழி தேடும். சில நாள் வடக்கே ஏறிவிடும். சில நாள் அட்லாண்டிக்கைக் கடந்து, ஐரோப்பா, மேற்கு ஆசியா, இந்தியா, வங்காள விரிகுடா என்று வரும். அப்படி வரும் நாளில் போகும்போதும் கிழக்கு, திரும்பும்போதும் கிழக்கு, உலகத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றியாகிவிடும். அங்கும் ஓரளவு பின்காற்று கிடைக்கிறது, ஆனால் தெற்கே இறங்க இறங்கக் குறைந்துவிடுகிறது. 35 நிமிட வித்தியாசத்துக்கு இதுதான் காரணம்.

வான்வெளியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் மிகக் குறுகிய பாதை லாவோஸ், சீனாவின் குன்மிங் பக்கம், சிச்சுவான் மலைகள், மங்கோலியாவின் ஹோவ்ஸ்கோல் ஏரி, சைபீரியா என்று ஏறி, துருவத்திலிருந்து 280 கி.மீ. தள்ளிக் கடந்து, கிரீன்லாந்தின் வடமேற்கு ஓரம், கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் வழியாக இறங்குகிறது. இதில் திபெத் பீடபூமியின் கிழக்கு விளிம்பு ஒரு சிக்கல்: அறைக்குள் அழுத்தம் போனால் விமானம் உடனே 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே மலையே அதைவிட உயரம். ரஷ்ய வான்வெளி 2022-லிருந்து பல நாட்டு நிறுவனங்களுக்கு இல்லாமல் போய்விட்டது. ஆக 15,349 என்பது பூமியின் வடிவம் தரும் எண், விமானம் அந்தக் கோட்டின் மேல் பறந்தே தீர வேண்டும் என்று இல்லை.

முகில்:

திருத்தியதற்கு நன்றி. துருவத்துக்கான தனி ஏற்பாடுகள் என்றால் என்னென்ன? எரிபொருள் உறைந்துவிடும் என்பது நிஜமா?

பின்காற்று:

உறைவதற்கு முன்பே நடவடிக்கை எடுத்துவிடுவார்கள், ஆனால் கவலை நிஜம்தான். சிங்கப்பூர் உட்பட உலகின் பெரும்பகுதியில் நிரப்பும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை −47 பாகை செல்சியஸ். அமெரிக்காவில் வழக்கமாக நிரப்பும் ஜெட் ஏ-வுக்கு −40. ஆக நியூயார்க்கிலிருந்து கிளம்பும் விமானத்துக்குத்தான் இந்த இடைவெளி குறைவு.

வெளிக் காற்று −65 என்றால் எரிபொருளும் −65 ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மாக் 0.85-ல் போகும்போது காற்று இறக்கையில் அழுந்திச் சூடாகும். −65 காற்று, விமானத்தின் மேல் படும்போது −35 அளவில் இருக்கும். −70 காற்று என்றால் −41. இதுதான் தொல்லை தரும் எல்லை. எரிபொருள் உடனே அந்த அளவுக்குக் குளிராது, பல மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறங்கும். உறைநிலைக்கு 3 பாகை மேலே வரும்போதே விமானி செயல்பட வேண்டும்: கொஞ்சம் கீழே இறங்கி வெதுவெதுப்பான காற்றுக்குப் போவது, அல்லது வேகத்தைச் சற்றுக் கூட்டுவது, அல்லது பாதையைத் தெற்கே மாற்றுவது. மூன்றும் கூடுதல் எரிபொருள் கேட்கும்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் வடக்கு 78 பாகைக்கு மேலே உள்ள பகுதியைத் துருவப் பகுதி என்று வரையறுக்கிறது. அங்கே போகும் அமெரிக்க நிறுவன விமானங்களில் கடுங்குளிர் உடைகள் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், இறங்கிவிட்டால் பயணிகளை மீட்டுக் கொண்டுவரத் திட்டம் இருக்க வேண்டும், சூரியப் புயலால் தகவல் தொடர்பு கெடும் நாளில் பாதையை மாற்ற வேண்டும்.

தென்னங்கீற்று:

கழித்தல் குறி போட்டதும் 15,340 வந்துவிட்டது. இப்போது நேரக் கணக்கு. 16,700-ஐ 905-ஆல் வகுத்தால் 18 மணி 27 நிமிடம். பின்காற்று 60 கி.மீ. என்று வைத்தால் 17 மணி 18 நிமிடம். அட்டவணை 18:05 என்கிறது. மீதி 47 நிமிடம் எங்கே போகிறது?

நேரங்காட்டி:

தரையில் போகிறது. அட்டவணையில் அச்சாகும் நேரம் சக்கரம் தரையை விட்ட கணத்திலிருந்து தொடங்குவதில்லை. வாயிலிலிருந்து விமானத்தைப் பின்னால் தள்ளும் கணத்தில் தொடங்கி, மறுமுனையில் வாயிலில் நின்று பிரேக் போடும் கணத்தில் முடிகிறது. இதைப் பிளாக் டைம் என்பார்கள். சாங்கியில் தள்ளி, ஓடுபாதைக்கு உருண்டு போக 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜேஎஃப்கேயில் இறங்கி வாயிலுக்கு வர 20 நிமிடம். ஏறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது, அதற்கு ஒரு 12 நிமிடம். உங்கள் 17:18-ஓடு சேர்த்தால் 18:05. இது தோராயக் கணக்குதான், நாளுக்கு நாள் மாறும். ஜேஎஃப்கேயிலிருந்து கிளம்பும்போது ஓடுபாதை வரிசையில் அரை மணிக்கு மேல் நிற்பது சாதாரணம், எனவே திரும்பும் பயணத்துக்கு நிறுவனங்கள் கூடுதலாக நேரம் ஒதுக்குகின்றன. "விமானம் சீக்கிரம் வந்துவிட்டது" என்று சொல்கிறார்களே, பெரும்பாலும் அந்த ஒதுக்கிய நேரம் செலவாகவில்லை என்றுதான் அர்த்தம்.

இனித் தேதி. ஒரே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் தப்பே வராது: எல்லாவற்றையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றி, கூட்டி, திரும்ப உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். உள்ளூர் நேரத்தில் நேரடியாகக் கழிக்கப் போனால் சர்வதேசத் தேதிக் கோடு குழப்பிவிடும்.

ஜேஎஃப்கே சேவை தொடங்கிய 2020 நவம்பர் 9-ஐயே எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூர் பொது நேரத்துக்கு 8 மணி முன்னால். நவம்பர் 9 அதிகாலை 2:25 என்பது பொது நேரத்தில் நவம்பர் 8 மாலை 6:25. 18:05 கூட்டினால் நவம்பர் 9 பகல் 12:30. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னால். ஆக நவம்பர் 9 காலை 7:30. சரியாக இருக்கிறதா?

திரும்பும்போது நவம்பர் 11 இரவு 10:30-க்குக் கிளம்பினால் பொது நேரம் நவம்பர் 12 அதிகாலை 3:30. 18:40 கூட்டினால் நவம்பர் 12 இரவு 10:10. 8 மணி கூட்டினால் சிங்கப்பூரில் நவம்பர் 13 காலை 6:10. பன்னிரண்டாம் தேதி முழுவதும் வானத்திலேயே போய்விட்டது. பயணச்சீட்டில் வந்துசேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக "+2" என்று போட்டிருப்பது இதைத்தான்.

நியூயார்க்கில் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரம் ஒரு மணி முன்னால் ஓடும். அப்போது சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் 12 மணி வித்தியாசம், மற்ற காலத்தில் 13. சிங்கப்பூரில் இந்த மாற்றம் இல்லை. அதே 2:25-க்கு, அதே 18:05 பறந்தால் கோடையில் இறங்குவது 8:30-க்கு. மாற்றம் வரும் வாரத்தில் பயணம் இருந்தால் இணைப்பு விமானத்தை மறுபடி பாருங்கள்.

பலர் விமானத்தைத் தவறவிடுவது இன்னோரிடத்தில். 9-ஆம் தேதி அதிகாலை 2:25 விமானம் என்றால் 8-ஆம் தேதி இரவு 11 மணிக்கே சாங்கியில் இருக்க வேண்டும். 9-ஆம் தேதி இரவு 11 மணிக்குப் போய் நின்றால் விமானம் நியூயார்க்கில் இறங்கியே இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். சென்னையிலிருந்து இணைப்பு பதிவு செய்பவர்கள் 8-ஆம் தேதி மதியமோ மாலையோ கிளம்புவது போலப் பாருங்கள். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட 2:30 மணி முன்னால் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வான்வழி:

சென்னையிலிருந்து என்று சொன்னதால் ஒரு விஷயம். நியூயார்க் போக மட்டும்தான் என்றால் சிங்கப்பூர் வழி தூரத்தில் நட்டம். சென்னை – நியூயார்க் நேர்தூரம் ஏறக்குறைய 13,480 கி.மீ. சென்னை – சிங்கப்பூர் 2,920, அதோடு 15,349 சேர்த்தால் 18,270. கிட்டத்தட்ட 4,800 கி.மீ. கூடுதல், முதலில் எதிர்த் திசையில் போகிறீர்கள். துபாய் வழி என்றால் 2,930-உம் 11,010-உம் சேர்ந்து 13,940. டெல்லி வழி 1,760-உம் 11,750-உம், மொத்தம் 13,510. டெல்லி அந்த நேர்ப்பாதையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லலாம், 30, 40 கி.மீ.தான் கூடுகிறது. ஆனால் இது காகிதத் தூரம். பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடியிருக்கும் காலத்தில் டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானம் குஜராத், அரபிக்கடல் பக்கம் இறங்கிச் சுற்ற வேண்டியிருக்கும், அந்த அனுகூலம் குறைந்துவிடும்.

நேரத்தில் பார்த்தால், சிங்கப்பூர் வழி 4 மணி 15 நிமிடமும் 18 மணி 5 நிமிடமும், நடுவில் 3 மணி நேரக் காத்திருப்பு என்று வைத்தாலே 25 மணிக்கு மேல். துபாய் வழி அதே காத்திருப்போடு 21, 22 மணியில் முடியும். சிங்கப்பூரில் இறங்கி உறவினர் வீட்டில் நான்கு நாள் தங்கிப் போகிறார்கள் என்றால் வேறு விஷயம், அப்போது அந்த வழி பொருத்தம்தான்.

அடுத்து, இருக்கை. இந்தப் பாதைக்கென்றே வாங்கிய ஏ350-900 யூஎல்ஆர் (மிக நீண்ட தூரம் பறக்கும் வகை) விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94, மொத்தம் 161 பேர்தான். வழக்கமான ஏ350-900-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 253 இருக்கை வைத்திருந்தது, அதில் 187 எகானமி. 2020-ல் ஜேஎஃப்கேவுக்குத் தொடங்கியபோது ஓடியது அந்த வழக்கமான விமானம். எனவே சீட்டு எடுக்கும்போது விமான வகையையும் இருக்கை வரைபடத்தையும் திறந்து பாருங்கள். எகானமி விலை எதிர்பார்த்துப் போனால் கிடைக்காமல் போகலாம்.

முகில்:

161 பேர் மட்டும் ஏன்? அதே உடம்புதானே?

வான்வழி:

அதே உடம்புதான், எடைதான் பிரச்சினை. வழக்கமான ஏ350-900 தொட்டியில் 1,41,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். யூஎல்ஆர் வகையில் 1,65,000 லிட்டர். தனியாகத் தொட்டி சேர்க்கவில்லை, இருக்கும் தொட்டியிலேயே குழாய், அளவி அமைப்புகளை மாற்றி இடம் எடுத்தார்கள். லிட்டருக்கு 0.8 கிலோ என்று போட்டால் 132 டன். அந்த விமானம் கிளம்பக்கூடிய உச்ச எடை 280 டன். ஏறக்குறைய பாதி எடை எரிபொருள்! அந்த எரிபொருளைத் தூக்கிச் செல்லவே எரிபொருள் எரிகிறது, கடைசி ஆறு மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் பன்னிரண்டு மணி நேரமும் சுமக்க வேண்டும். எனவே ஆட்களைக் குறைத்தார்கள், முன்பக்கச் சரக்கு அறையையும் பயன்பாட்டிலிருந்து நீக்கினார்கள்.

இதே பாதையில் 2004 முதல் 2013 வரை நான்கு எஞ்சின் ஏ340-500 ஓடியது. தொடக்கத்தில் 181 இருக்கை, பிறகு வெறும் 100 பிசினஸ் இருக்கை. அதன் தொட்டியில் 2,20,000 லிட்டருக்கு மேல் போகும். எரிபொருள் விலை ஏறிய காலத்தில் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை, நிறுத்தினார்கள். ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 2018 அக்டோபரில் இரட்டை எஞ்சினோடு மறுபடி தொடங்கியது.

யூஎல்ஆர் விமானம் நிற்காமல் பறக்கக்கூடிய தூரம் 18,000 கி.மீ. என்று ஏர்பஸ் சொல்கிறது. 15,349-க்கு அது எதற்கு என்று கேட்கலாம். மேலே பின்காற்று சொன்ன 16,700 ஒன்று. அதற்கு மேல், எதிர்பாராத செலவுக்கு ஒரு பங்கு, நியூயார்க்கில் பனி என்றால் மாற்று விமான நிலையத்துக்குப் போக ஒரு பங்கு, அங்கே போய் 30 நிமிடம் வட்டமடிக்கக் கட்டாயமாக ஒரு பங்கு. இவையெல்லாம் மீதியாக இருக்க வேண்டிய நிலையில்தான் கிளம்பவே அனுமதி.

தென்னங்கீற்று:

எல்லாம் புரிந்தது. போவது துபாய் வழி, திரும்புவது சிங்கப்பூர் வழி என்று மாற்றிவிட்டேன், சிங்கப்பூரில் மூன்று நாள் தங்கல். கடைசியாக ஒன்று: பயணம் செய்பவர்களுக்கு 70 வயது. இரத்த அழுத்த மாத்திரை காலை 7 மணிக்கு ஒன்று. திரும்பும்போது ஒரு தேதியே காணாமல் போகிறதே, மாத்திரையை எப்படி எண்ணுவது?

நேரங்காட்டி:

தேதியைப் பார்த்து எண்ணாதீர்கள், மணியைப் பாருங்கள். நியூயார்க்கில் கிளம்பும் நாள் காலை 7-க்கு ஒன்று போட்டிருப்பார்கள். விமானம் இரவு 10:30-க்கு. அடுத்த 24 மணி நேரம் முடிவது, நியூயார்க் நேரப்படி மறுநாள் காலை 7-க்கு, அதாவது கிளம்பி எட்டரை மணி நேரத்தில். அப்போது விமானத்திலேயே ஒன்று. அது சிங்கப்பூர் நேரப்படி குளிர்காலத்தில் இரவு 8 மணி. சிங்கப்பூரில் இறங்கியபின் காலை 6:10. அன்று காலை 7-க்கே அடுத்ததைப் போட்டால் 11 மணி நேர இடைவெளிதான், சீக்கிரம். இரவு 8 மணிக்குப் போட்டால் 24 மணி சரியாக வரும். அங்கிருந்து நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரமாக முன்னுக்குக் கொண்டுவருவதா, அப்படியே இரவுக்கு வைத்துக்கொள்வதா என்பதை அவர்களுடைய மருத்துவரிடம் இந்த நேரங்களை எழுதிக் காட்டிக் கேளுங்கள். இன்சுலின் போடுபவர் என்றால் கேட்காமல் கிளம்பவே கூடாது, சாப்பாட்டு நேரமும் சேர்ந்து மாறுகிறது.

மாத்திரையைப் பெட்டியோடு சரக்கில் போட்டுவிடாமல் கைப்பையில் வையுங்கள். போகும் நாள் எண்ணிக்கையைவிட நான்கைந்து கூடுதலாக இருக்கட்டும். கைக்கடிகாரத்தில் கிளம்பிய ஊர் நேரத்தையும், கைப்பேசியில் போகும் ஊர் நேரத்தையும் வைத்துவிட்டால் விமானத்தில் அவர்களாகவே பார்த்துக்கொள்வார்கள்.